72 மணி நேரமும் 30 நாளும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது பெரும்பாலும் நம் கைக்கு வருவது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. படுக்கையில் இருந்த நாட்களில் எழுதப்பட்ட கேஸ் ஷீட், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாம் ரெக்கார்டு அறைக்குப் போய்விடுகின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும், சிகிச்சையில் பிழை நேர்ந்ததா என்று அறியவும் அவைதான் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெற இந்தியாவில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

ஒன்று, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன அவை. மற்றொன்று, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதில் பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம். உயிர் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரம்.

பொதுவாக வேகத்தில் முன்னது மேல். பரப்பிலும் அப்படியே: பதிவு பெற்ற மருத்துவர் அரசுப் பணியில் இருந்தாலும் தனியாரில் இருந்தாலும் அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தும். தகவல் சட்டத்தை நேரடியாகப் பயன்படுத்த முடிவது அரசு மருத்துவமனைகளிடம்தான். தமிழ்நாட்டில் அதற்கான செலவும் குறைவு: விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

கேட்டும் தராவிட்டால் என்ன செய்வது என்னும் இடத்தில்தான் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. 72 மணி நேர விதியை மீறுவது தொழில்முறைத் தவறு. மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் கவுன்சிலின் அதிகாரம் மருத்துவர்மீதுதான், மருத்துவமனை நிர்வாகத்தின்மீது அன்று. ரெக்கார்டு அறையின் சாவியோ பல இடங்களில் நிர்வாகத்திடம் இருக்கிறது. தகவல் சட்டத்திலோ ஏறிச் செல்லப் படிகள் உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம்.

பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவருக்கு நுகர்வோர் ஆணையம் என்னும் இன்னொரு கதவும் உண்டு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களை 1995-இல் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்தது. ஆக, அரசு மருத்துவமனையின் ஏழை நோயாளிக்குத் தகவல் சட்டமே பெருந்துணை.

இரண்டு வழிக்கும் பொதுவான எதிரி காலம். 2002 விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாத்தால் போதும். நுகர்வோர் புகாருக்குப் பொதுவான காலவரம்பு 2 ஆண்டு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், உரிமை இருந்தும் காகிதம் இல்லாமற்போகும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் முதலில் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணைக் குறிப்பிட்டு, 72 மணி நேர விதியைச் சுட்டி மருத்துவ அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். பயனில்லையேல் தகவல் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். தனியார் மருத்துவமனையில் என்றால் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று இராது.

நோயாளியின் உடலைப் பற்றிய எழுத்து நோயாளியிடமிருந்து மறைக்கப்பட வேண்டியதன்று. 72 மணி நேர விதி வேகத்தைத் தந்தது. தகவல் சட்டம் மேல்முறையீட்டையும் அபராதத்தையும் தந்தது. தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரு பொறுப்பு அலுவலரையும் நாள்கணக்கில் அபராதத்தையும் சட்டமாக்கி, இவ்விரு பலத்தையும் ஒரே விதியில் சேர்ப்பதே அரசு செய்ய வேண்டிய அடுத்த வேலை.