டெரியரும் குன்னூர் ஊசியும்

'டெரியர்' என்ற பெயர் மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. வளையைத் தோண்டி நரியையும் எலியையும் விரட்டவே வளர்த்த இனம். ஆள் சின்னது, துணிச்சல் பெரிசு. போடிமெட்டு மாதிரி காட்டோரத்தில் கீரியிடமோ தெருநாயிடமோ கடி வாங்கிக்கொண்டு வரும். ஆபத்து அங்கேதான்... வெறிநோய்!

பாரிசில் லூயி பாஸ்டர் 1885-லேயே மனிதருக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார். ஆனால் இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் வந்தது 1900-ல், அதுவும் இமயமலைப் பக்கம் கசௌலியில். நம்ம மலையில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேருவது எப்படி? 1902-ல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் இந்த நோயில் இறந்தார். அதன் பிறகுதான், அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையின் உதவியோடு, 1907-ல் குன்னூர் நிலையம் பிறந்தது.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகள் இப்போது இல்லை, கையில்தான் போடுகிறார்கள். ஆனால் நோய் முற்றினால் பிழைப்பது இன்றும் அபூர்வம்.

நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் செலவு. லீவுக்கு ஊருக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கட்டிப்பிடிப்பது வீட்டு நாயைத்தானே? டிக்கெட் போடும்போதே அதன் ஊசி அட்டையையும் கேட்டுவிடுங்கள்.