கொம்பில்லாத பாட்டுப்பெட்டி

பழைய கிராமபோன் என்றதும் நம் மனத்தில் எழுவது பளபளக்கும் பித்தளைக் கொம்பும், அதற்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாயும்தான். ஜமீன்தார் வீட்டைக் காட்ட வேண்டிய சினிமாக் கலை இயக்குநர் முதலில் தேடுவதும் அதைத்தான். ஆனால் தென் தமிழ்நாட்டில், குறிப்பாகத் தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம், கோவில்பட்டி வரையிலான கரிசலிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும், நாடகக் கொட்டகைப் பாட்டைத் திண்ணை வரைக்கும் கொண்டுவந்ததில் கொம்புக் கிராமபோனைவிடக் கறுப்பு ரெக்சின் ஒட்டிய கைப்பெட்டிக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. மூடியைத் திறந்து, கைப்பிடியைச் செருகி, சாவி கொடுத்தால் பாடும் பெட்டி அது. இன்று வீட்டுப் பரணிலிருந்து இறக்கிப் பழுதுபார்க்கத் தகுந்ததும் அதுதான். அதை எப்படிப் பழுதுபார்ப்பது என்ற கேள்விக்கு அந்தப் பெட்டியின் வரலாறே பதில் சொல்கிறது.

கொம்பு வைத்தது முதலில் வந்தது என்பதை மறுக்க முடியாது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தபோது இருந்தவை கொம்புக் கருவிகள்தான். தட்டுக்கு வேண்டிய அரக்கு சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து கப்பலேறி, ஜெர்மனியின் ஹனோவரில் தட்டாக வார்க்கப்பட்டு, பாட்டோடு திரும்பி வந்தது. 1908இல் கல்கத்தா சியால்தாவில் ஆலை திறந்த பிறகுதான் அந்தச் சுற்றுப் பயணம் குறைந்தது. இந்தக் கட்டத்தில் கிராமபோன் வாங்கியவர்கள் மிராசுதார்களும் வக்கீல்களும் பெருவணிகர்களும். தமிழ் இசைத்தட்டு வியாபாரம் உண்மையில் சூடுபிடித்தது 1920களின் பிற்பாதியில். 1925இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மைக் வைத்து மின்சாரத்தின் உதவியால் பதிவு செய்யும் முறை வந்தது, எச்.எம்.வி. தன் 101ஆம் எண் கைப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. 1931இல் வந்த 102ஆம் எண் பெட்டி அதைவிடத் தெளிவாகப் பாடியது. கொம்பு மறைந்துவிடவில்லை, மடங்கிப் பெட்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஊசி வைக்கும் கிண்ணம் உள்ளேயே இருந்தது, மூடியில் சில தட்டுகளைச் செருகிக்கொள்ளலாம். ஒருவர் ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

இதே ஆண்டுகளில்தான் நாடகப் பாட்டும் தட்டில் ஏறி ஊர் ஊராகப் போனது. அந்த நாடகங்களின் ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் இந்த மண்ணுக்காரர். 1867இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத்துக்குப் போகும் முன் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 1922இல் அவர் மறைந்தார். தட்டு வியாபாரம் உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகு. அவர் வகுத்துக் கொடுத்த வள்ளி திருமணத்தையும் கோவலனையும் நடித்து வளர்ந்த தலைமுறையின் குரல்களைத்தான் கம்பெனிகள் துரத்தின. செங்கோட்டை கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் இலங்கை மேடையில் இணைந்தார்கள். மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் ரசிகர்கள் இருந்தார்கள். 1933இல், இருபத்தேழு வயதில் கிட்டப்பா இறந்துபோன பிறகு அவர் பாட்டைக் கேட்கத் தட்டைத் தவிர வேறு வழியே இல்லாமல் போயிற்று. காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் முத்திரையில் தட்டு வெளியிட வந்ததும் 1930களின் தொடக்கத்தில்தான். தேசியப் பாட்டுகள் தட்டு வழியாகப் பரவிய கதையை சு. தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார். பாட்டுக்குக் கிராக்கி ஏறிய காலமும் கைப்பெட்டி கடைக்கு வந்த காலமும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சாதாரண ஜனங்கள் பாட்டுக் கேட்டது கைப்பெட்டியில் அல்ல, கல்யாண வீட்டு மைக் செட்டிலும் இலங்கை வானொலியிலும்தான் என்று ஒருவர் சொல்லலாம். பின்னாளைய நிலவரத்துக்கு அது சரியே. 1952இல் அமைச்சர் கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அடங்கியபோது, கொழும்பு அலைவரிசை இந்தக் கடற்கரைக்குப் பக்கத்து வீட்டுக் குரலாக ஒலித்தது. திருவிழாக்களில் பனைமர உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊரையே எழுப்பியது. (கழற்றி எறிந்த கொம்பு மரத்தில் ஏறித் திரும்பி வந்ததென்று வைத்துக்கொள்ளலாம்.) ஆனால் வால்வு ரேடியோவுக்கும் ஆம்பிளிபயருக்கும் மின்சாரம் வேண்டும், அல்லது கனத்த பேட்டரி வேண்டும். பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே 1944இல். அங்கிருந்து கம்பி நகரங்களுக்கு வந்து, பிறகு கிராமங்களுக்குப் போய்ச் சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. சாவி கொடுத்த ஸ்பிரிங்குக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை. மேலைநாடுகள் 1960 வாக்கில் 78 சுற்றுத் தட்டைக் கைவிட்டன. இந்தியாவிலோ கிராமபோன் கம்பெனியின் கல்கத்தா டம் டம் ஆலை அறுபதுகளிலும் அரக்குத் தட்டு வார்த்துக்கொண்டிருந்தது. வாங்குவதற்கு ஆள் இல்லாமலா வார்த்திருப்பார்கள்? சாவிப் பெட்டிகள் அப்போதும் வீடுகளில் பாடிக்கொண்டிருந்தன என்பதற்கு அந்தத் தட்டுகளே சாட்சி.

கைப்பெட்டிக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து மறதி மட்டுமல்ல. மும்பை சோர் பஜார் முதல் இணையக் கடைகள் வரை ‘பழங்காலக் கிராமபோன்’ என்று விற்கும் பித்தளைக் கொம்புக் கருவிகளில் பெரும்பாலானவை அண்மையில் கோத்தவை. எண்கோண மரப்பெட்டி புதிது, கொம்பு புதிது, நாய்ப் படத் தகடும் புதிது. உள்ளே சுழலும் மோட்டாரும், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸும் மட்டும் பழையவை, அவையும் பல நேரம் உடைத்துப் பிரித்த கைப்பெட்டிகளிலிருந்து எடுத்தவை. கொம்பு இருந்தால்தான் கிராமபோன் என்ற நம் நினைப்பே அசல் பெட்டிகளைத் தின்று போலிகளை உண்டாக்குகிறது. வரவேற்பறை அலங்காரத்துக்குப் போலி போதுமே என்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்த அலங்காரத்துக்காக ஒரு நல்ல 102 செத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

சரி, பரணிலிருந்து இறங்கிய பெட்டியை என்ன செய்வது? உப்பளக் காற்று அடிக்கும் ஊரில் முதல் எதிரி துரு. மூடி வைத்த பெட்டிக்குள்ளும் ஈரமும் உப்பும் நுழைந்து ஸ்பிரிங்கையும் அச்சையும் அரிக்கின்றன. அதனினும் பொல்லாதது நாகக் கலவை வார்ப்பு. சவுண்ட் பாக்ஸின் பின்தட்டு போன்றவை அந்த வார்ப்பில் செய்தவை; கலவையில் ஈயம் கலந்திருந்தால் ஈரக் காற்றில் உள்ளுக்குள்ளேயே விரிந்து, வெடித்து, பிஸ்கட்டாக உதிரும். அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். மற்றவற்றில் வேலை பொறுமையைத்தான் கேட்கிறது. ஸ்பிரிங் உறைக்குள் போட்ட கிராபைட் கிரீஸ் கெட்டியாகிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டால், பாட்டின் நடுவே ‘டொப்’பென்று அதிர்ந்து விடுபடும். சாவியை முழுக்க இறங்கவிட்ட பிறகே மோட்டாரைக் கழற்ற வேண்டும். உறையைத் திறப்பது பழக்கமில்லாத கைக்கு ஆகாது, சுருள் துள்ளி விரலைப் பதம் பார்க்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூன்று குண்டுகளும் மெல்லிய பட்டைகளில் தொங்கிச் சுழல்கின்றன. ஒரு பட்டை வளைந்தாலும் பாட்டு தள்ளாடும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலும் போதும். சவுண்ட் பாக்ஸில் அலுமினியச் சவ்வைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருக்கும். அதை எடுத்துவிட்டு மெத்தென்ற சிலிக்கோன் குழாயை வைத்தால், கரகரத்த குரல் தெளிகிறது. வேகம் சரியா என்று பார்க்கத் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஊசி பாடிக்கொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு 78 சுற்று வருகிறதா என்று எண்ணினால் போதும்.

இங்கேதான் இரண்டாவது மறுப்பு வருகிறது. ரப்பரை மாற்றி, கிரீஸை மாற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றிய பிறகு அது பழைய பெட்டிதானா? அருங்காட்சியக ஒழுக்கம் பயின்றவர்கள் தொடாதே என்பார்கள். உலகில் ஒன்றிரண்டே எஞ்சிய கருவி என்றால் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் கைப்பெட்டி பிறக்கும்போதே தேயும் பாகம், நிலைக்கும் பாகம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் பிறந்தது. ஊசி ஒரு பக்கம் பாடியதும் எறிய வேண்டியது. ஸ்பிரிங் ஒருநாள் அறும் என்று தெரிந்தே மாற்று ஸ்பிரிங் விற்றார்கள். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது, தடித்த ஊசியோ மெல்லிய ஊசியோ மாற்றினால்தான் உண்டு. மாற்றி மாற்றி ஓடியதே அதன் வாழ்க்கை என்னும்போது, அசையாமல் ஊமையாக வைத்திருப்பதுதான் அதற்குப் பொருந்தாத கோலம். மறுகோடியில், புது ரெக்சின் ஒட்டி, கைப்பிடிக்கு முலாம் பூசி, ஆலையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்குவதும் அதே அளவு பொய். தேய்ந்த கைப்பிடி, ஊசிக் கிண்ணத்தைச் சுற்றிய கீறல், மூடிக்குள் கடைக்காரர் ஒட்டிய சீட்டு ஆகியவை அந்தப் பெட்டி யார் கையில் எப்படிப் புழங்கியது என்பதற்கான சான்றுகள். ஓடுவதற்கு வேண்டியதை மாற்றலாம், பார்வைக்கு வேண்டியதைத் தொட வேண்டாம் என்று கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். கழற்றிய பாகங்களை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பது நல்லது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்துவதை மட்டும் என்னால் பழுதுபார்ப்பில் சேர்க்க முடியாது. மின்சாரம் இல்லாத இடத்தில் பாடியதுதான் அதன் வரலாறு.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது. பழுது பார்த்த பெட்டி தட்டைத் தின்னும். சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கும் மேலான எடையோடு எஃகு ஊசியைப் பள்ளத்தில் அழுத்துகிறது. பிற்கால மின்சார பிளேயரின் முள்ளுக்குச் சில கிராம் போதும். அரக்கோடு கல்தூளைக் கலந்ததே ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்தத்தான். தேய்ந்த ஊசியை மீண்டும் வைத்தால் அதன் கூர் விளிம்பு உளியாகிப் பள்ளத்தைச் செதுக்கும். காசை மிச்சம் பிடிக்க ஒரே ஊசியைப் பத்துத் தட்டுக்கு வைத்த வீடுகளின் கதையைச் சந்தையில் கிடைக்கும் சாம்பல் பூத்த தட்டுகள் சொல்கின்றன. ஆகவே கிட்டப்பாவின் தட்டு கையில் இருந்தால் அதை இந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது. எடை குறைந்த முள்ளில் ஒருமுறை ஓடவிட்டு, கணினியில் பதிந்து, தட்டை உறையில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் நம் கோடை வெயிலில் வளைந்துவிடும். பெட்டியில் ஓடவிட ஐம்பதுகளில் டம் டம்மில் ஆயிரக்கணக்கில் வார்த்த சினிமாத் தட்டுகள் இருக்கின்றன. பழைய சாமான் கடைகளில் இன்னமும் கட்டுக்கட்டாகக் கிடைப்பவை அவைதான். ஒரு பக்கத்துக்குப் புது ஊசி ஒன்று என்ற கணக்கைத் தவறாமல் வைத்துக்கொண்டால் அந்தத் தட்டுகளும் நெடுங்காலம் தாங்கும்.