மடிப்பும் மரபணுவும்: ஷார்-பே நாயினத்தின் உருமாற்றமும் உடல்நலமும்

சீனத்து ஷார்-பே நாயை உலகம் அதன் தோல் சுருக்கங்களைக் கொண்டே அடையாளம் காண்கிறது. அச்சுருக்கங்கள் இனத்தின் தொன்மையான முத்திரை என்றும், அதை வாட்டும் நோய்கள் பிறவியோடு வந்த விதி என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இவ்விரு நம்பிக்கைகளும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்று காணும் மிகைச் சுருக்கம் 1970-களுக்குப் பின் மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பண்பு. முதன்மையான நோய்கள் சில அத்தேர்வோடு பிணைந்தவை. ஆகவே அவற்றைக் குறைக்கும் பொறுப்பும் மனிதருடையதே.

1. அழிவின் விளிம்பும் மீட்பும்

தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில், ஃபோஷானை ஒட்டிய டா லி பகுதியே இந்நாயின் தாயகமாகச் சொல்லப்படுகிறது. உழவர்களின் வீட்டுக்காவல், காட்டுப்பன்றி வேட்டை, நாய்ச்சண்டை ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. நீலக்கருமை படர்ந்த நாக்கு, சொரசொரப்பான குட்டை மயிர், சிறிய முக்கோணக் காதுகள் ஆகியவை அதன் பிற அடையாளங்கள். 1949-க்குப் பின் சீனத்தில் நாய் வளர்ப்பு ஒடுக்கப்பட்டபோது இந்த இனம் ஏறக்குறைய அழிந்தது.

ஹாங்காங்கில் இதை வளர்த்துவந்த மட்கோ லா, 1973-இல் அமெரிக்க நாய் ஆர்வலர்களிடம் இனத்தைக் காக்குமாறு வேண்டினார். அதன்பின் அமெரிக்கா சென்ற சிறு எண்ணிக்கையிலான நாய்களின் வழிவந்தவையே இன்றைய மேலைநாட்டு ஷார்-பேக்களில் மிகப்பெரும்பாலானவை. குறுகிய மரபுவளத்தோடு தொடங்கிய இக்கூட்டத்தில், சதைப்பற்றுள்ள பெரிய முகவாயும் கனத்த மடிப்புகளும் கொண்ட குட்டிகளுக்கே வரவேற்பு இருந்தது. குவாங்டாங்கின் மரபான வகையோ சதை குறைந்த முகவாயும் ஒட்டிய தோலும் கொண்டது. ஒரே பெயரில் இருவகை உருவங்கள் இன்று வாழ்வதே, மிகைச் சுருக்கம் தொன்மையானதன்று என்பதற்கு முதற்சான்று.

2. தோலின் அடியில்

இரண்டாவது சான்று மரபணுவியல் தருவது. சுருங்கிய தோலில் ஹையலூரோனிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது. அதை உருவாக்கும் நொதிக்கான ஹெச்.ஏ.எஸ்.2 மரபணு 13-ஆம் குரோமோசோமில் உள்ளது. இம்மரபணுவுக்கு அருகே, சுமார் 16 ஆயிரம் கார இணைகள் நீளமுள்ள ஒரு பகுதி மேலைநாட்டு வகையில் பலமுறை நகலாகியிருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நகல்கள் மிகுந்த நாய்களுக்கு ஷார்-பே காய்ச்சலின் அபாயமும் மிகுதி என்பதே அவ்வாய்வின் முக்கியமான முடிவு.

இக்காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பின்கால் மூட்டு வீங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே தணியும். தணிந்துவிடுவதால் உரிமையாளர் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் உண்டு. ஆனால் மீண்டும் மீண்டும் எழும் அழற்சியால் அமைலாய்டு புரதம் சிறுநீரகத்தில் படிந்து, நாயைச் சிறுவயதிலேயே கொன்றுவிடக்கூடும். கோல்ச்சிசின் மருந்து இப்படிவைத் தடுக்கத் தரப்படுகிறது. படிந்து கெட்ட சிறுநீரகத்தை மீட்கும் மருந்து இல்லை.

3. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

ஜெர்மனியின் ஹனோவர் ஆய்வாளர்கள் 2017-இல், அதே குரோமோசோமில் உள்ள எம்.டி.பி.பி. மரபணுவின் ஒரு மாற்றத்தை இவ்வழற்சி நோயோடு தொடர்புபடுத்தினர். அப்படியானால் சுருக்கத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் நீக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆயினும் ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்த மாற்றங்கள் சேர்ந்தே கடத்தப்படும் வாய்ப்பு மிகுதி என்பதால், அவற்றைப் பிரிப்பது எளிதன்று.

அதைவிட வலுவான விடை வேறொன்று. காய்ச்சல் முற்றிலும் ஒழிந்தாலும் மடிப்பு தரும் துன்பம் ஒழியாது. கனத்த நெற்றித்தோல் இமையை உள்நோக்கித் தள்ள, இமைமயிர் விழிவெண்படலத்தை உராய்ந்து புண்ணாக்குகிறது. சில வாரக் குட்டிகளுக்கே இமையைத் தையலிட்டு விலக்கிவைக்க வேண்டியிருக்கிறது. மடிப்புகளின் இடுக்கில் ஈரம் தங்கிக் கிருமித்தொற்று வருகிறது. தடித்த தோல் காதுக்குழாயைக் குறுக்குவதால் செவியழற்சி திரும்பத் திரும்பத் தாக்குகிறது. இவை தோலின் கனத்தால் நேரடியாக விளைபவை.

4. இனவரையறையின் பொறுப்பு

பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் 309-ஆம் எண் வரையறை, வளர்ந்த நாயின் உடலில் மடிப்புகள் விரும்பத்தகாதவை என்கிறது. தோள்மேட்டிலும் வாலடியிலும் மிதமான சுருக்கத்தை மட்டும் ஏற்கிறது. விழிக்கு எவ்வகையிலும் இடையூறு கூடாது என்றும் வலியுறுத்துகிறது. ஆக, எழுத்தில் உள்ள நெறி சரியானதே. பரிசும் விலையும் அதற்கு எதிர்த்திசையில் செல்வதே சிக்கல்.

எனவே மூன்று நடவடிக்கைகள் தேவை. இமை அறுவை செய்யப்பட்ட நாய்களையும் காய்ச்சல் கண்டவற்றையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்க வேண்டும். நகல் எண்ணிக்கையைச் சோதித்தபின்னரே இணைசேர்க்க வேண்டும். மரபான வகையோடு கலந்து மரபுவளத்தை விரிவாக்க வேண்டும். குட்டி வாங்குவோரும் மடிப்பின் அழகைப் பார்க்குமுன் தாய் தந்தை நாய்களின் கண்ணையும் நோய் வரலாற்றையும் கேட்டறிய வேண்டும். கேட்பவர் பெருகினால் வளர்ப்போர் மாறியே தீர்வர்.