சரிவும் சாதியும்: சென்னைப் பாதாளச் சாக்கடை குறித்துச் சில குறிப்புகள்

சென்னைக்குத் தண்ணீர் வந்த கதை நமக்குத் தெரியும். 1772இல் ஏழுகிணறு, கோட்டைக்கு. 1872இல் தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக நகரத்துக்கு. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டி. 1944இல் பூண்டி. பொறியாளர் பெயர், கவர்னர் பெயர், திறப்புவிழாக் கல்வெட்டு எல்லாம் உண்டு. அதே தண்ணீர் வீட்டுக்குள் புழங்கி, அழுக்காகி வெளியே போன வழிக்கு இப்படிக் கல்வெட்டு வைத்த வரலாறு இல்லை. எழுத ஆரம்பித்தால் குழாயோடு நிறுத்த முடியாது என்பதுதான் காரணம். குழாய் அடைத்துக்கொள்ளும்போது யாரை உள்ளே இறக்கினார்கள் என்பதையும் எழுத வேண்டிவரும்.

காலனிய சுகாதாரம் பட்டாளத்துக்காரனின் உடலிலிருந்துதான் தொடங்கியது. 1857க்குப் பிறகு இங்கே ஆங்கிலச் சிப்பாய்களை அதிகமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் சண்டையில் செத்ததைவிட வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தது அதிகம். இதை விசாரித்த ராயல் கமிஷனின் அறிக்கை 1863இல் வந்தது. பாரக்ஸைச் சுற்றியிருந்த நகரம் நோயின் ஊற்றாக அதில் விவரிக்கப்பட்டது. 1865இல் டல்லக் என்ற ராணுவப் பொறியாளர் சென்னைக்கு வடிகால் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஆனால் நகரம் முழுமைக்குமான திட்டம் உருப்பெற 1910 வாக்கில் ஆகிவிட்டது. அதுவரையிலும், அதற்குப் பிறகும் பல தெருக்களில், எடுப்புக் கக்கூஸும் பின்வாசலும் கூடையும்தான் நகரின் வடிகால். தோட்டி என்ற சாதிப்பெயர் நகராட்சி ஆவணத்தில் வேலையின் பெயராக உட்கார்ந்துகொண்டது.

வந்த தொழில்நுட்பம் லண்டனுடையது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது பாராளுமன்றம் பயந்துபோய்ப் பேசல்ஜெட்டிடம் பணம் கொடுத்துக் கட்டச் சொன்ன முறை அது. தத்துவம் எளிமையானது: நிறையத் தண்ணீர் விடு, சரிவாகக் குழாய் போடு, கழிவைத் தண்ணீரே சுமந்துபோகும். நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் அது அடியில் படியாமல் ஓடும். லண்டனிலும் சாக்கடைக்குள் ஆட்கள் வேலை செய்தார்கள். ஆனால் அந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் என்று ஒரு கூட்டத்தை அந்த ஊர் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

சென்னையோ கடலோரத் தட்டை நிலம். சரிவு வேண்டுமென்றால் குழாயை ஆழமாக, இன்னும் ஆழமாகக் கொண்டுபோக வேண்டும். ஓர் இடத்தில் பம்ப் வைத்து மேலே தூக்கி, மறுபடி ஆழத்துக்கு இறக்க வேண்டும். பம்ப் நின்றால் கழிவும் நிற்கும். தண்ணீர்க் கணக்கு இதைவிட மோசம். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் அன்று போட்ட திட்டம், 1961இல் நகரத்தின் ஜனத்தொகை 6.6 லட்சமாக இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது 114 லிட்டர் போதும் என்று கணக்கிட்டது. 1941லேயே ஜனத்தொகை அதைத் தாண்டிவிட்டது. 1961இல் 17 லட்சத்துக்கும் மேல். ஒரே எண் இரண்டு பக்கமும் பொய்த்தது. குழாயில் வருகிற தண்ணீர் ஆளுக்கு ஆள் குறைந்தது; சாக்கடைக்குள் போகிற கழிவு கூடியது.

தண்ணீர் குறைந்தால் கழிவு கெட்டியாகும். தெரு மண்ணும் சேர்ந்து படியும். 2003-04 வறட்சியில் குழாய்த் தண்ணீர் நின்று நகரம் தண்ணி லாரியை நம்பி இருந்தது. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இதையெல்லாம் குடத்தோடு நிற்கிறவர்களின் கஷ்டமாக மட்டுமே பேசினோம். தண்ணீரே சுமந்துபோகும் என்று நம்பிப் போட்ட குழாய்களுக்குள் அப்போது என்ன நடந்திருக்கும் என்று கேட்கவில்லை. 'ஆள் இறங்கினாத்தான் சரியாவும்' என்ற வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான். தண்ணீர் செய்யாத வேலையை மனித உடல் செய்தது.

தேங்கிய கழிவில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாறவில்லையே என்று இறங்குகிறவர் விழுகிறார், அவரைத் தூக்கப்போன இன்னொருவரும் விழுகிறார். மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி'. இந்த வாக்கியத்தில் எழுவாய் வாயு. இறக்கியவர் இல்லை, காண்ட்ராக்டர் இல்லை, சரிவும் இல்லை, சாதியும் இல்லை. சாதி என்பது வேலைப்பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். பாதாளச் சாக்கடையில் அந்தப் பிரிவினை பொறியியலின் உறுப்பாகவே ஆகிவிட்டது. மலிவாக ஆள் கிடைக்கும்போது குழாயைத் திருத்துவதற்கு யார் செலவு செய்வார்கள்?

சட்டத்தின் பார்வையும் நவீனத்தை நம்பியது. 1993 சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்தது. தண்ணீர்க் கக்கூஸ் வந்தால் இழிவு ஒழியும் என்பது அதன் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கூடை தெருவிலிருந்து மறைந்தது, மனிதர் தெருவுக்கு அடியில் போனார். 2013 சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 'பாதுகாப்புக் கருவி இல்லாமல்' இறக்குவதைத்தான் அது அபாயகரமான வேலை என்று வரையறுக்கிறது. கருவி கொடுத்ததாகக் காகிதத்தில் காட்டினால் போதும். 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை கூடியிருக்கிறது.

மேன்ஹோல் என்ற ஆங்கிலச் சொல்லில் ஆள் இருக்கிறான். தமிழாக்கியவர்களும் 'ஆளிறங்கு குழி' என்று அவனை விடாமல் கொண்டுவந்தார்கள். 2023 மத்திய பட்ஜெட் அதை 'மெஷின் ஹோல்' ஆக்கப்போவதாக அறிவித்தது. ஜெட் பீய்ச்சும் வண்டி, உறிஞ்சும் லாரி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் லாரி நுழையாத சந்துகளும், 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு செப்டிக் டேங்கை நம்பியிருந்த புறநகர்களும் இருக்கும்போது, பெயர் மாற்றம் மூடிக்கு மேலே மட்டும் நடக்கிறது.

இன்று சின்ன ஊர்களிலும் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டுகிறார்கள். தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறதே என்ற புகாரோடு நாம் நின்றுவிடுகிறோம். திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சரிவு எவ்வளவு? கோடையிலும் அதில் ஓடும் அளவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அடைத்துக்கொண்டால் எந்த இயந்திரம், யார் சம்பளத்தில், எந்தச் சந்துவரை வரும்? மூன்றாவதற்குப் பதில் எழுதாமல் விட்டிருந்தால், அந்த இடத்தில் யாருடைய பெயரை நினைத்துக்கொண்டு விட்டிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.