இலவசக் கல்வியும் முதல் பட்டதாரிச் சலுகையும்: இரு கரைகளின் கணக்கு

ஏழை மாணவரின் பல்கலைக்கழகக் கட்டணத்தை அரசு கட்ட வேண்டுமா? பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இதற்கு 'ஆம்' என்றே பதில் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன விதம்தான் வேறு. இலங்கை யாருடைய வருமானத்தையும் கேட்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் இளநிலைப் பட்டத்துக்கு வந்து சேர்ந்த எல்லோருக்கும் கட்டணமே இல்லை என்றது. தமிழ்நாடு கட்டணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னாருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுகிறது. அங்கே ஏழை என்று நிரூபிக்க வேண்டாம், பரீட்சையில் முந்தினால் போதும். இங்கே முந்தாவிட்டாலும் எங்காவது இடம் கிடைக்கும், தாள்கள்தான் சரியாக இருக்க வேண்டும். கட்டணத்தை ஏற்பதாகச் சொல்லும் இரண்டு அரசுகளும் யாரை வெளியே விட்டுவிட்டன என்று பார்ப்பதுதான் இந்த ஒப்பீட்டின் பயன்.

தொடங்கிய இடங்கள்

இலங்கையின் இலவசக் கல்விக்குப் பின்னால் இருப்பவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்தவர். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள். சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே இதைச் செய்த நாடு அது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பது கன்னங்கராவுக்குத் தெரிந்திருந்தது. கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்ததும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வழியாக ஏழைப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்ததும் அதே திட்டத்தின் பகுதிகள்.

தமிழ்நாட்டுக் கதைக்கு அப்படி ஒரே தொடக்கம் கிடையாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984இல், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது; பிறகு அவை நூற்றுக்கணக்கில் பெருகின. அரசு நடத்தாத கல்லூரிகளில் ஏழைப் பிள்ளை எப்படிப் படிப்பது என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் கூர்மையாக எழுந்தது. 2010-11இல் கலைஞர் ஆட்சி கொண்டுவந்த முதல் பட்டதாரிச் சலுகை அதற்கு ஒரு பதில். 2020இல் மருத்துவப் படிப்புகளிலும் 2021இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இன்னொரு பதில்.

யார் உள்ளே, யார் வெளியே

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோர் அண்மை ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அனுமதி கிடைப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. மற்றவர்கள் தகுதி இருந்தும் வெளியே நிற்கிறார்கள். இசட் புள்ளி என்ற தரவரிசை மதிப்பெண் என்ன, மாவட்ட வெட்டுப்புள்ளி என்ன என்பதுதான் அந்த வீடுகளில் மாதக்கணக்கில் பேச்சு.

இந்தப் போட்டி உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் தொடங்குவதும் இல்லை. நாட்டின் சுமார் பத்தாயிரம் அரசுப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒன்று என்ற அளவுதான். வீட்டுக்கு எட்டும் தொலைவில் அப்படி ஒன்று இல்லாத பிள்ளைக்கு மருத்துவபீடமும் பொறியியல்பீடமும் இலவசம் என்பதால் என்ன பயன்? மலையகத் தமிழருக்கு இது இன்னும் கசப்பான கதை. 1945இல் நாடு முழுவதற்கும் அறிவித்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளின் வாசலோடு நின்றுவிட்டது. அந்தப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970கள் ஆயின.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட இலங்கை எடுத்த கருவி மாவட்டம். 1970களின் தொடக்கத்தில் வந்த, பல்கலைக்கழக அனுமதிக்கான மதிப்பெண்களை மொழிவாரியாகச் சரிசெய்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்களைக் காயப்படுத்தியதும், அந்தக் காயம் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் நாம் அறிந்ததே. இன்றைய முறை வேறு. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. முல்லைத்தீவு, நுவரெலியா போன்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது உண்மையான உதவி. ஆனால் மாவட்டம் என்பது வீடு அல்ல. கொழும்பு முகத்துவாரத்தில் நாட்கூலிக்குப் போகிறவரின் மகளும் கறுவாத்தோட்டத்து டாக்டரின் மகளும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். ஒருத்திக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ரியூசன் உண்டு, மற்றவளுக்கு இல்லை. இருவரும் உள்ளே வந்துவிட்டால் அரசு இருவருக்கும் ஒரே அளவு செலவழிக்கிறது. வராவிட்டால், டாக்டர் மகளை வெளிநாட்டுக்கு அனுப்புவார்.

தமிழ்நாட்டில் வெளியே நிற்பவர்கள் குறைவு. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இங்கே 18 முதல் 23 வயதினரின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பொறியியல் கவுன்சலிங் முடிந்த பிறகும் பல கல்லூரிகளில் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். இடத்துக்குப் பஞ்சமில்லை. எந்த இடம், எவ்வளவு பணத்துக்கு என்பதில்தான் சிக்கல்.

முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்வோம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா என்று வீட்டில் எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாக மண்டலத் துணை வட்டாட்சியர் வரை போகும். பிளஸ் டூ முடிவு வந்த வாரங்களில் அந்த மையங்களில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் அப்பாவின் டி.சி.யைத் தேடிக் களைத்தவர்களாக இருப்பார்கள். பள்ளிக்கூடமே போகாதவர் அதற்குத் தனியாக எழுதித் தர வேண்டும். இத்தனைக்கும் பிறகு தனியார் கல்லூரியில் கிடைப்பது ரூ.25,000 வரை. 2017இல் கட்டண நிர்ணயக் குழு கவுன்சலிங் இடங்களுக்கு வைத்த ஆண்டுக் கட்டணமோ ரூ.50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு ரூ.55,000. மீதியை வீடுதான் புரட்ட வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அதுவும் இல்லை. அண்ணன் ஏதோ ஒரு கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தால், தங்கை முதல் பட்டதாரி ஆக மாட்டாள். வீட்டின் வறுமை அண்ணனின் பட்டத்தால் தீர்ந்துவிட்டதாக விதி முடிவு செய்துகொள்கிறது.

சான்றிதழ் கேட்காத ஒதுக்கீடு

இந்தச் சிக்கல்களுக்கு நடுவே தமிழ்நாடு கண்டுபிடித்த ஒரு நல்ல வழி 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் மைய நிபந்தனை. வருமானச் சான்றைக் குறைத்து எழுதி வாங்க முடியும். ஏழு வருடம் அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருந்ததைப் பொய்யாகக் காட்டுவது கடினம். யார் வசதியற்றவர் என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான அடையாளம் நம் ஊரில் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகள் இதில் விடுபடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. அது தனியே தீர்க்க வேண்டியது.

இந்த ஒதுக்கீடு முதலில் தடுமாறியது எங்கே என்பது இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடி விடை. 2020 நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் மருத்துவக் கவுன்சலிங் நடந்தது. மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாகச் சுமார் 400 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தன. தனியார் கல்லூரியில் இடம் வந்தவர்களில் சிலர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். நீட் எழுதித் தேறி, தரவரிசையில் வந்து, கைக்கு எட்டிய இடம் அது. செய்தி பரவிய சில நாட்களிலேயே கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2021இல் தொழிற்படிப்புகளுக்கு ஒதுக்கீடு வந்தபோது, கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதி, கவுன்சலிங் கட்டணங்களையும் ஏற்பதாக மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கட்டணம் சேராத ஒதுக்கீடு பாதி ஒதுக்கீடுதான் என்பதை ஓராண்டுக்குள் இரண்டு ஆட்சிகள் ஒப்புக்கொண்டன.

கட்டணத்துக்கு அப்பால்

கட்டணம் போனாலும் சோறு, அறை வாடகை, பஸ் இருக்கின்றன. இலங்கை இதை முன்பே உணர்ந்தது. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல நிதியம் 1981இல் சட்டமானது. லாட்டரி வருமானமும் மகாபொலக் கண்காட்சிகளும் அதற்கு வழி. மகாபொல கிடைக்காத வசதி குறைந்த மாணவர்களுக்கு பர்சரி என்ற உதவித்தொகை உண்டு. ஆனால் மகாபொலத் தொகை பல ஆண்டுகள் மாதம் ரூ.5,000 என்றே நின்றது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோதும் அதேதான். 2025 பட்ஜெட்டில்தான் ரூ.7,500 ஆனது. இலவசம் என்ற பெயர் மாறாமலே படிப்பின் செலவு மாணவர் தலையில் ஏறிய காலம் அது.

தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் வந்தன. இரண்டிலும் மாதம் ரூ.1,000. படித்த பள்ளி என்ற அதே அடையாளம்தான் இவற்றுக்கும் அடிப்படை. தொகை சிறியது. ஆனால் அது மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. கட்டண உதவி தாமதமாகும்போது, முதலில் நீங்கள் கட்டுங்கள், பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லும் கல்லூரிகளை அனுபவித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

எதை எடுப்பது, எதை விடுவது

எல்லோருக்கும் இலவசம் என்பதற்கு எதிராக, பணக்காரப் பிள்ளைக்கு ஏன் வரிப்பணம் என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இலங்கை முறையின் பலமும் அங்கேதான் இருக்கிறது. பெரியவர் வீட்டுப் பிள்ளையும் அதே விரிவுரை மண்டபத்தில் உட்காருவதால், அரசுப் பல்கலைக்கழகம் ஏழைகளுக்கான இடமாகச் சுருங்கவில்லை. மாலபேயில் இயங்கிய சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மாணவர்களும் மருத்துவர்களும் தெருவில் இறங்கி, 2017இல் அதைக் கைவிட வைத்தது இலவசக் கல்வி மீதான பற்றினால்தான். அதே பற்றுதான் இடங்களைப் பெருக்கும் பேச்சையே சந்தேகத்தோடு பார்க்க வைத்தது. விளைவாக, வெளியே விடப்பட்ட ஒரு லட்சம் பேருக்காகப் பேச ஆள் இல்லை. அவர்களில் சிலர் தனியார் பட்டத்துக்கு வட்டியில்லாக் கடன் வாங்குகிறார்கள். இலவசக் கல்வி நாட்டில் கடனில் படிக்கும் தலைமுறை இது.

தமிழ்நாட்டு முறையின் பலம் அகலம். பலவீனம், அரசுப் பணம் எந்தத் தரத்துக்குப் போகிறது என்பதைக் கறாராகக் கேட்காதது. ஆசிரியர் போதாத, வேலை கிடைக்காத ஒரு கல்லூரிக்குக் கட்டணம் கட்டினால் ஏழை மாணவருக்கு மிச்சமாவது நான்கு வருடமும் ஒரு தாளும்.

என் முடிவு இது. வசதியற்ற மாணவரின் கட்டணத்தை அரசு முழுமையாகக் கட்ட வேண்டும். பாதி கட்டுவது, சேர்ந்த பிறகு விலகுகிறவர்களை உருவாக்கும். யாருக்கு என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவு செய்வதைவிட, படித்த பள்ளியை வைத்து முடிவு செய்வது நேர்மையானது. இலங்கையின் மாவட்ட ஒதுக்கீட்டுக்குள்ளும் பாடசாலையின் வகையைக் கணக்கில் கொண்டால், முகத்துவாரத்துப் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும். இங்கே தமிழ்நாட்டில், கட்டணம் வாங்கும் கல்லூரியின் ஆசிரியர் எண்ணிக்கையையும் தேர்ச்சியையும் பார்த்த பிறகே அரசு காசோலை எழுத வேண்டும். இரண்டு அரசுகளும் எத்தனை பேருக்குக் கட்டணம் கட்டினோம் என்று ஆண்டுதோறும் அறிவிக்கின்றன. தகுதி இருந்தும் சேராதவர் எத்தனை பேர், சேர்ந்தும் முடிக்காதவர் எத்தனை பேர், ஏன் என்பதையும் அதே மேடையில் அறிவிக்கச் சொல்ல வேண்டும். திட்டம் ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த இரண்டு எண்களில்தான் தெரியும்.