ஜெனீவாவின் குடிமகன்

1762ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி. பாரிஸுக்கு வடக்கே இருக்கும் மோன்மொரான்சியிலிருந்து பிற்பகலில் ஒரு வண்டி கிளம்பியது. உள்ளே ஐம்பது வயதை நெருங்கிய ஒரு மனிதர். அன்றுதான் பாரிஸ் உயர் நீதிமன்றம் அவர் எழுதிய புத்தகத்தைக் கொளுத்தவும் அவரைக் கைது செய்யவும் ஆணை போட்டிருந்தது. வழியில் எதிரே ஒரு வாடகை வண்டி வந்தது. அதில் கறுப்பு உடை அணிந்த நான்கு பேர். புன்னகையோடு அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். அவரைப் பிடிக்க வந்த அமீனாக்களே அவர்கள்தான் என்று பின்னால் அவருக்குத் தெரியவந்தது.

பிடிபட்டால் அவருக்கு ஆதரவு தந்த பிரபுக்களின் பெயரும் வழக்கில் அடிபடும். அதனால் அவர் தப்பிப் போவதையே எல்லோரும் விரும்பினார்கள். முதல் நாள் இரவே அவருக்குத் தகவல் கொடுத்தவர் ஓர் இளவரசர்.

ஓடிப்போன அந்த மனிதர் ழான் ழாக் ரூசோ. குற்றம் செய்த புத்தகம் 'எமில்'. ஒரு சிறுவனைப் பிறப்பிலிருந்து திருமணம் வரை எப்படி வளர்ப்பது என்று சொல்லும் நூல். அதன் நடுவில் ஒரு கிராமப் பாதிரியார் பேசுகிறார். கடவுளை அறிய மனசாட்சியும் இயற்கையும் போதும், அற்புதங்கள் வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில் இதைவிடக் கடுமையாக எழுதியவர்கள் உண்டு. அவர்கள் பெயர் போடாமல் அச்சிட்டார்கள். கேட்டால் நான் எழுதவில்லை என்றார்கள். எழுத்தாளர் வால்டேர் அதில் கைதேர்ந்தவர். ரூசோ தன் பெயரை முகப்பிலேயே போட்டார். பெயருக்குக் கீழே 'ஜெனீவாவின் குடிமகன்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அடைமொழியை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதைப் புரிந்துகொள்ள 1728க்குப் போக வேண்டும்.

ரூசோ 1712 ஜூன் 28இல் ஜெனீவாவில் பிறந்தார். பிறந்த சில நாட்களில் தாய் இறந்துபோனார். தந்தை கடிகாரம் செய்பவர். மகனுக்குப் பத்து வயதாகும்போது ஒரு ராணுவ அதிகாரியோடு தகராறு செய்துவிட்டு, சிறைக்குப் பயந்து ஊரை விட்டே போய்விட்டார். பையனை ஒரு செதுக்கு வேலைக்காரரிடம் தொழில் பழக விட்டார்கள். அங்கே அடிதான் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்கு வெளியே சுற்றப் போவதுதான் அவனுக்குக் கிடைத்த ஒரே விடுதலை. இரண்டு முறை நேரம் தவறி, நகர வாயில் மூடிய பிறகு வந்து சேர்ந்தான். இரண்டு முறையும் எஜமானர் அடித்து நொறுக்கினார். 1728 மார்ச்சில் மூன்றாவது முறையாகத் தன் கண்ணெதிரே பாலம் மேலே தூக்கப்படுவதைப் பார்த்தான். மறுநாள் தோழர்கள் உள்ளே போனார்கள். பதினைந்து வயதுப் பையன் திரும்பி நடந்தான்.

பிறகு பல வீடுகள், பல வேலைகள். தூரினில் ஏவலாள், வெனிஸில் பிரெஞ்சுத் தூதரின் செயலாளர், பாரிஸில் இசைக் குறிப்புகளைப் படியெடுப்பவர். சோற்றுக்காகக் கத்தோலிக்கராக மாறியதில் ஜெனீவாவின் குடியுரிமை பறிபோனது. 1749இல் சிறையிலிருந்த நண்பர் திதரோவைப் பார்க்க வான்சேன் கோட்டைக்கு நடந்து போகும் வழியில், திஜோன் நகரக் கழகத்தின் கட்டுரைப் போட்டி அறிவிப்பைப் பத்திரிகையில் படித்தார். அறிவியலும் கலைகளும் மனிதரின் ஒழுக்கத்தை உயர்த்தினவா என்பது கேள்வி. இல்லை என்று எழுதிப் பரிசு வாங்கினார். ஒரே ஆண்டில் பாரிஸ் முழுவதும் அவர் பேச்சாக இருந்தது. புகழ் வந்ததும் அவர் முதலில் தேடியது எதை? 1754இல் ஜெனீவாவுக்குப் போய், புராட்டஸ்டண்ட் மதத்துக்குத் திரும்பி, குடியுரிமையைக் கேட்டு வாங்கினார்.

மோன்மொரான்சியிலிருந்து தப்பியவர் சுவிஸ் பக்கம் போனதும் இந்த நம்பிக்கையில்தான். பத்து நாட்களில் ஜெனீவா பதில் சொன்னது. 'எமில்' நூலோடு, ஏப்ரலில் வெளிவந்த 'சமுதாய ஒப்பந்தம்' நூலையும் சேர்த்துத் தீயிலிட்டது. ரூசோ வந்தால் கைது என்றது. பாரிஸுக்கு மதம் உறுத்தியது; ஜெனீவாவுக்கு அரசியலும் உறுத்தியது. அந்த ஊரில் காகிதத்தில் மட்டும்தான் குடிமக்கள் அரசர்கள். நிஜத்தில் 25 பேர் கொண்ட சிறிய அவையை வைத்திருந்த சில பணக்காரக் குடும்பங்கள் ஆண்டன. இறையாண்மை மக்களுடையது, அதை யாரும் யாருக்கும் கைமாற்ற முடியாது, அரசு என்பது மக்கள் அமர்த்திய ஊழியர்தான் என்று ஊரின் சொந்த மைந்தனே எழுதினால் அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? அடுத்த ஆண்டு, 1763இல், ரூசோ தன் குடியுரிமையைத் தானே துறந்தார்.

இனி, பேசித்தான் ஆக வேண்டிய ஒரு விஷயம்.

பாரிஸில் ரூசோ தங்கிய விடுதியில் துணி துவைக்கும் வேலை செய்தவர் தெரேஸ் லெவாசர். 1745 முதல் கடைசிவரை அவரோடு வாழ்ந்தவர். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஐந்தையும் ரூசோ அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் விடச் செய்தார். தெரேஸ் அழுதார், கடைசியில் பணிந்தார். முதல் குழந்தையின் துணியில் மட்டும் ஓர் அடையாளச் சீட்டை வைத்தார்கள். மற்ற நான்குக்கும் அதுகூட இல்லை. அந்த இல்லத்தில் சேர்ந்த பச்சிளம் குழந்தைகளில் பெரும்பாலானவை ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. 1761இல் ஒரு சீமாட்டி அந்தச் சீட்டை வைத்து முதல் குழந்தையைத் தேடிப் பார்த்தார். தடயமே கிடைக்கவில்லை.

ரூசோ காரணங்கள் சொன்னார். ஏழ்மை என்றார். ஏழையின் பிள்ளைகளுடைய ரொட்டியைப் பணக்காரர்கள்தான் பறிக்கிறார்கள் என்று வேறொரு சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலப் பாரிஸில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படி விடப்பட்டார்கள் என்பதும் உண்மை. இவை எதையும் நான் சாக்காக ஏற்கவில்லை. அவருக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள், கைத்தொழில் இருந்தது. தெரேஸின் கண்ணீரை அவர் பார்த்தார். ஐந்து முறை பார்த்தார். தனக்கு ஒரு தந்தை இல்லாமல் போனது எப்படி வலித்தது என்று அறிந்தவர் செய்த காரியம் இது.

ஆனால் இதைச் சொல்லி 'எமில்' நூலைத் தூக்கி எறிபவர்கள், அதன் முதல் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். தந்தையின் கடமையைச் செய்ய முடியாதவனுக்குத் தந்தையாகும் உரிமை இல்லை, வறுமையும் வேலையும் அதற்குச் சாக்கு ஆகாது, அப்படிப்பட்டவன் நெடுநாள் அழுவான், ஆறுதலும் கிடைக்காது என்று அங்கே எழுதியிருக்கிறார். ஊருக்கு உபதேசம் செய்யும் ஒருவர் இப்படி எழுதமாட்டார். அது தன் மேலேயே தீட்டிய குற்றப் பத்திரிகை. குழந்தை சிறிய அளவிலான பெரியவர் அல்ல, அதற்கென்று தனிப் பருவம் உண்டு, தாய்ப்பால் கொடுங்கள், துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள், பன்னிரண்டு வயதுவரை புத்தகத்தைத் திணிக்காதீர்கள் என்று அவர் மன்றாடியது, எதை இழந்தோம் என்று தெரிந்த பிறகு.

குழந்தைகளைக் கைவிட்ட ரகசியத்தை வால்டேர் 1764இல் பெயரில்லாத ஒரு துண்டுப் பிரசுரத்தில் போட்டு உடைத்தார். ரூசோ அப்போது பிரஷ்ய அரசர் ஃபிரெடெரிக்கின் ஆட்சியில் இருந்த மொத்தியே என்ற மலைக் கிராமத்தில் இருந்தார். உடல் உபாதைக்கு வசதியாக ஆர்மீனிய நீள அங்கி அணிந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்து கயிற்றுப் பட்டிகள் பின்னிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பாதிரியார் பிரசங்கத்தில் தூண்டிவிட, 1765 செப்டம்பரில் ஓர் இரவு வீட்டின் மேல் கல்மழை. ஒரு ஏரித் தீவுக்கு ஓடினார். பெர்ன் அரசு சில வாரங்களில் அங்கிருந்தும் விரட்டியது. தத்துவஞானி டேவிட் ஹியூம் இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் அடைக்கலம் கொடுத்தார். அந்த நட்பு சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. ஹியூமும் எதிரிகளின் சதியில் பங்காளி என்று ரூசோ நம்பத் தொடங்கினார். அது தவறு. இந்த நோய்பிடித்த சந்தேகத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அமீனாக்கள், தீ, கல் ஆகியவற்றைக் கற்பனையில் மட்டும் கண்டவர் அல்ல அவர்.

1770இல் பாரிஸ் திரும்பி, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மறுபடியும் இசைக் குறிப்பு படியெடுத்தார். தன் பிழைகளை எல்லாம் எழுதிய தன்வரலாற்றை வீடுகளில் படித்துக் காட்டினார், போலீஸ் நிறுத்தியது. 1778 ஜூலை 2இல் எர்மனோன்வில் என்ற ஊரில் இறந்தார்.

பதினோரு ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி. 1789இன் மனித உரிமைப் பிரகடனத்தில் ஆறாவது பிரிவு, சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்கிறது. அது ரூசோவின் சிந்தனை. அதே பொது விருப்பத்தின் பெயரால்தான் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் தலைகளை வெட்டச் செய்தார். மக்களின் விருப்பம் இதுதான் என்று ஒருவர் தானே சொல்லிக்கொண்டால் அவரைத் தடுப்பது யார் என்ற கேள்விக்கு ரூசோவின் 'சமுதாய ஒப்பந்தம்' நூலில் உறுதியான விடை இல்லை. இது அந்த நூலின் பெரிய குறை. ரோபஸ்பியர் தலை உருண்டு மூன்று மாதம்கூட ஆகாத 1794 அக்டோபரில், ரூசோவின் உடல் தேசப் பெருமக்களை அடக்கம் செய்யும் பாரிஸ் பாந்தியோனுக்குக் கொண்டுவரப்பட்டது.

பிரஷ்யாவில் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், பாமர மக்களை இகழ்ந்துகொண்டிருந்த தன்னைத் திருத்தியவர் ரூசோ என்று குறித்து வைத்தார். அலங்காரமே இல்லாத அவர் வீட்டில் ரூசோவின் படம் மட்டும் தொங்கியது. சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலோசி தன் மகனுக்கு ரூசோவின் பெயரை வைத்தார். 1799இல் ஸ்டான்ஸ் நகரில், போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் திரட்டி, அவர்களோடு உண்டு உறங்கிப் பாடம் சொன்னார். இன்றைய தொடக்கப் பள்ளிகளின் கதை பாதி அங்கிருந்து வருகிறது. நம் மொழியில் 'சமுதாய ஒப்பந்தம்' நூலைக் கொண்டுவந்தவர் வெ. சாமிநாத சர்மா.

'எமில்' நூலின் கடைசிப் பகுதியில் சோஃபி என்ற பெண் வருகிறாள். எமிலுக்கு விடுதலையைக் கற்றுத்தந்த ரூசோ, அவளுக்குக் கணவனை மகிழ்விக்க மட்டுமே கற்றுத்தருகிறார். அதைப் படித்துக் கொதித்துப்போன மேரி வால்ஸ்டன்கிராஃப்ட் என்ற ஆங்கிலப் பெண், 1792இல் ஒரு நூலில் அவருடைய வாதத்தைக் கொண்டே அவரை எதிர்த்தார். அடுத்த வாரம் மேரியைப் பற்றி.

(தொடரும்)