பிளினி பெயரில் ஒரு பீர்

பிளினியை நமக்கெல்லாம் முசிறி வழியாகத்தான் தெரியும். சங்ககாலக் கடல் வணிகம் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் மனிதர் வந்துவிடுவார். முசிறிப் பக்கம் கடற்கொள்ளையர் தொல்லை என்பார், பாண்டியனின் மொதுரா உள்நாட்டில் இருக்கிறது என்பார், வருஷா வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்புவார். மிளகைப் பற்றி அவருக்கு ஒரு தீராத ஆச்சரியம் உண்டு. இனிப்பும் கிடையாது, பார்க்க அழகும் கிடையாது, காரம் ஒன்றுக்காக இத்தனை தூரம் போய் வாங்கி வருகிறார்களே என்று.

அவர் பெயரை ஒரு பீர் பாட்டிலில் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. கலிபோர்னியாவில் சான்டா ரோசா ஊரின் ரஷ்யன் ரிவர் நிறுவனம் காய்ச்சும் 'பிளினி தி எல்டர்', அதாவது மூத்த பிளினி. வகை டபுள் ஐபிஏ, ஆல்கஹால் 8 சதவீதம். கசப்பு ஒன்றுக்காக மனிதர்கள் வரிசையில் நின்று வாங்கும் பானத்துக்கு, காரம் ஒன்றுக்காக மிளகு வாங்கியவர்களைக் கிண்டல் பண்ணியவரின் பெயர்!

பெயருக்குக் காரணம் மிளகு இல்லை, ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ. பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில், இத்தாலியில் தானாக முளைத்து உணவாகும் செடிகளைச் சொல்லிக்கொண்டு போகும் இடத்தில் 'லூப்பஸ் சாலிக்டாரியஸ்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார். வில்லோ மரத்து ஓநாய் என்று அர்த்தம். அது ஹாப்ஸ்தான் என்று பலர் நினைக்கிறார்கள், சந்தேகப்படுபவர்களும் உண்டு. 1753-இல் லின்னேயஸ் ஹாப்ஸுக்கு வைத்த ஹூமுலஸ் லூபுலஸ் என்ற பெயரிலும் அந்த ஓநாய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பிளினி அதைப் பீரோடு சேர்க்கவே இல்லை. தானியத்தில் காய்ச்சும் பானங்களைப் பற்றி வேறு இடத்தில் எழுதியிருக்கிறார், அதன் நுரையைப் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்வது உட்பட. ஹாப்ஸ் பேச்சு அங்கே இல்லை. பீர் காய்ச்சுவதோடு ஹாப்ஸ் சேர்ந்து எழுத்தில் வருவதற்கு 9-ஆம் நூற்றாண்டு வரை, பிரான்ஸின் கோர்பி மடத்துத் தலைவர் எழுதிவைத்த விதிகள் வரை, காத்திருக்க வேண்டும். ஆக, பாட்டிலில் இருக்கும் பெயரே பாதி வரலாறு, பாதி ஆசை.

ஐபிஏ என்பதில் இருக்கும் 'இந்தியா'வும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்தியா பேல் ஏல் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். இங்கிலாந்திலிருந்து இங்கே வருவதற்குள் பீர் கெட்டுப்போனது, ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர் ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டி, கப்பல் பயணம் தாங்கும் ஒரு புது பீரைக் கண்டுபிடித்தார், வெள்ளைக்காரன் தாகம் தீர்ந்தது. சுபம்.

மார்ட்டின் கார்னெல் போன்றவர்கள் பழைய விளம்பரங்களையும் கணக்குகளையும் தோண்டிப் பார்த்தபோது இந்தக் கதை நிற்கவில்லை. ஒன்று, மற்ற பீர்களும் இந்தியாவுக்கு நல்லபடியாகவே வந்து சேர்ந்தன. கறுப்பான போர்ட்டர் பீர் ஏராளமாக வந்தது. பேல் ஏல் அதிகாரிகளுக்கும் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கும், போர்ட்டர் சிப்பாய்களுக்கும் என்று பீரிலும் ஒரு வரிசை இருந்தது. இரண்டு, அந்தப் பேல் ஏல் ஒன்றும் பயங்கர ஸ்ட்ராங் இல்லை. சுமார் ஆறரை சதவீதம். அன்றைக்கு இங்கிலாந்திலேயே பண்ணை வீடுகளில் வைத்திருந்த அக்டோபர் பீர்கள் இதைவிட வலுவானவை. வெயில் தேசத்துக்குப் போகும் பீருக்கு ஹாப்ஸ் கூடப் போட வேண்டும் என்ற பகுதி மட்டும் உண்மை. அது ஹாட்ஜ்சன் கண்டுபிடிப்பு அல்ல, தொழிலில் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்த சங்கதி.

அப்புறம் ஹாட்ஜ்சன் எப்படி ஜெயித்தார்? இடமும் கடனும். அவர் ஆலை கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் இருந்தது. கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வாலுக்குக் கூப்பிடு தூரம். கப்பல் கேப்டன்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று உரிமை இருந்தது. பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, கண்ணாடி, தொப்பி எல்லாம் வாங்கிப்போட்டு கல்கத்தாவிலும் சென்னையிலும் விற்பார்கள். ஹாட்ஜ்சன் அவர்களுக்கு ஒன்றரை வருஷம் வரை கடன் கொடுத்தார். போய் விற்றுவிட்டு வந்து காசு கொடுத்தால் போதும். நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு வந்த ஹாட்ஜ்சன்களுக்குப் பேராசை வந்தது. 1820-களின் தொடக்கத்தில் கேப்டன்களைத் தவிர்த்துவிட்டுத் தாங்களே இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்தார்கள், கடனையும் நிறுத்தினார்கள். கம்பெனி இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ் கடுப்பாகி, பர்ட்டன் ஊரின் சாமுவேல் ஆல்சாப்பிடம் போனார். ஆல்சாப் அதுவரை ரஷ்யாவுக்கு அனுப்பிய சந்தை கைவிட்டுப் போய் வேறு வழி தேடிக்கொண்டிருந்தவர். ஹாட்ஜ்சன் பீரைப் பார்த்து, முதலில் ஒரு தேநீர்க் கெண்டியில் மாதிரி காய்ச்சிப் பார்த்தார்கள் என்று பர்ட்டனில் சொல்வார்கள். பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் சத்து அதிகம், அதில் ஹாப்ஸ் கசப்பு கூர்மையாக, சுத்தமாக நிற்கும். பர்ட்டன்காரர்கள் முந்திவிட்டார்கள். இத்தனைக்கும், 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் இதுவரை கண்டெடுத்ததிலேயே பழைய அச்சு 1829-ஆம் ஆண்டு, சிட்னி பத்திரிகை ஒன்றில். இந்தியாவிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை!

எனக்கு இதில் முக்கியமாகப் படும் விஷயம் வேறு. அந்த பீர் பழசாகத்தான் குடிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, நாலைந்து மாசம் பீப்பாயில் குலுங்கி வந்த சரக்கு அது. இங்கிலாந்து நிலவறையில் ஒன்றிரண்டு வருஷம் கிடந்து கனிய வேண்டியதைக் கப்பலின் வெக்கை சில மாசத்தில் கனியவைத்தது. மரப்பீப்பாயில் குடியிருக்கும் ஒருவகை ஈஸ்ட்டும் அதில் மெதுவாக வேலை செய்திருக்கும். பழைய ஆங்கில ஏல்களின் ருசிக்கு அதுதான் காரணம் என்று 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் சொல்லி, பிரெட்டனோமைசிஸ் என்று பெயரும் வைத்தார். கல்கத்தாக்காரர் டம்ளரில் பச்சை ஹாப்ஸ் வாசனை பெரும்பாலும் போயிருக்கும். அவர் காசு கொடுத்தது கனிந்த பீருக்கு.

டபுள் ஐபிஏ இதற்கு நேரெதிர். 1994-இல் கலிபோர்னியாவின் டெமெகுலாவில் பிளைண்ட் பிக் என்ற சின்ன ஆலையைத் தொடங்கிய வின்னி சிலுர்சோ, தன் முதல் பீருக்கு ஹாப்ஸை இரண்டு மடங்காக்கினார், மால்ட்டையும் சுமார் 30 சதவீதம் கூட்டினார். காரணத்தை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: சாமான்கள் எல்லாம் பழையவை, ஏதாவது கெட்ட வாடை வந்தால் ஹாப்ஸ் மூடி மறைத்துவிடும். குழம்பு அடிப்பிடித்தால் தூக்கலாக ஒரு தாளிப்பு போடுகிற மாதிரி. பிறகு ரஷ்யன் ரிவருக்கு வந்த அவர், ஹேவர்ட் ஊரில் ஒரு மதுக்கடை நடத்திய டபுள் ஐபிஏ விழாவுக்காகக் காய்ச்சியதுதான் பிளினி. 2003-இல் அமெரிக்காவின் பெரிய பீர் போட்டியில் இந்த வகைக்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது.

அந்தப் பாட்டிலில் ஒரு மிரட்டல் இருக்கிறது. குளிரில் வை, புதுசாகக் குடி, சேர்த்துவைக்காதே என்று பல விதமாகத் திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். 'இந்தியா' என்று பெயர் வைத்துக்கொண்டு, இந்தியாவுக்குப் போகக்கூடாத பீர். எனக்குக் கை அரித்தது. சான்டா ரோசாவில் ஒரே தேதி போட்ட மூன்று பாட்டில் வாங்கினேன். ஒன்றை அந்த வாரமே திறந்தேன். இன்னொன்று ஃபிரிட்ஜில். மூன்றாவதைச் சமையலறையில் அடுப்புக்கு மேல் அலமாரியில், வெளிச்சம் படாமல் துணி சுற்றி, 110 நாள் வைத்தேன். கப்பல் பயணம் என்று பெயர். பீப்பாய் இல்லை, பிரெட்டனோமைசிஸ் இல்லை, குலுக்கலும் இல்லை. அதனால் ஹாட்ஜ்சனை மறுபடி காய்ச்சிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை.

மதிப்பெண்ணுக்கு அமெரிக்க பீர் நடுவர்களின் 50 மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டேன். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் நிற்கும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றுதானா என்று கேட்காதீர்கள், கண் நம்மை ரொம்ப ஏமாற்றும்.

முதல் பாட்டில். ஊற்றும்போதே ஒரு முழ தூரத்தில் வாசனை வந்தது. பம்ப்ளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளினால் வருமே, அது. பின்னால் சாம்பிராணிக் கட்டியை நெருப்பில் போடாமல் முகர்ந்த மாதிரி ஒரு பிசின் மணம். கொஞ்சம் மாங்காய்ப் பால். இது கற்பனை இல்லை. ஹாப்ஸ் எண்ணெயில் இருக்கும் மிர்சீன் சில மாம்பழ ரகங்களிலும் உண்டு, இன்னொரு பொருளான லினலூல்தான் தனியாவின் மணத்துக்கே முக்கியக் காரணம். இந்த பீரில் போடும் சிம்கோ ஹாப்ஸில் ஒரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. துளி இருந்தால் பழ வாசனை, கூடினால் பூனை மூத்திரம். இங்கே துளிதான்.

ருசியில், கசப்பு உடனே வராது. முதலில் லேசான பிஸ்கட் இனிப்பு, பிறகுதான் கசப்பு எழும்பும். வேப்பம்பூ ரசத்தின் கசப்பு என்று சொல்வேன், பாகற்காய் இல்லை. நாக்கின் பின்பக்கம் வந்து, நின்று, சுத்தமாகப் போய்விடுகிறது. இந்த வகையில் தோற்பவை எல்லாம் இந்த இடத்தில்தான் தோற்கும். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறித்தான் கசப்பு தருகிறது. ஒரு லிட்டரில் அது எத்தனை மில்லிகிராம் என்பதுதான், தோராயமாக, லேபிளில் பீற்றிக்கொள்ளும் ஐபியு எண். 60-லிருந்து 100 வரை இந்த வகைக்கு விதி. ஆனால் எண் மட்டும் ஏறி, மால்ட் தாங்காவிட்டால் கஷாயம்தான். இதில் 8 சதவீத ஆல்கஹால் இருப்பதே தெரியவில்லை, அதுவே இதன் ஆபத்தும். 42 போட்டேன்.

110 நாள் கழித்து ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். மூன்று எவர்சில்வர் டம்ளர், நிறம் தெரியாது. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் நாலு சுற்று வைத்தார். நாலும் சரியாகச் சொன்னேன். தற்செயலாக அப்படி நடக்க 81-இல் ஒரு வாய்ப்புதான். பெருமைப்பட ஒன்றுமில்லை, வித்தியாசம் அவ்வளவு அப்பட்டம்.

ஃபிரிட்ஜ் பாட்டிலில் மாங்காய் போயிருந்தது, பம்ப்ளிமாஸ் மங்கியிருந்தது, கசப்பு அப்படியே. 37. அலமாரிப் பாட்டிலில் தேன், வெல்லப்பாகு, கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி. பிராணவாயு பட்டால் வரும் வாடை அது, வெக்கையில் சீக்கிரம் வரும். கசப்பும் மழுங்கி, போகாமல் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. 24.

தாளை மூடும்போது நண்பர், "ஏங்க, எனக்கு இந்தக் கடைசிதான் பிடிச்சிருக்கு. தேன் வாசம் வருது, கசப்பும் அடங்கியிருக்கு" என்றார். அட்டைப்பெட்டி வாடை? "அதெல்லாம் எனக்குத் தெரியலை." தாளின்படி அவர் பேச்சு செல்லாது, அந்த 24 சரிதான். ஆனால் அந்தத் தாளில் மதிப்பெண் எல்லாம் புதுசுக்குத்தான், கனிந்ததற்கு ஒரு கட்டமும் இல்லை. 1822-இல் கல்கத்தா ஏலத்தில் ஒரு பீப்பாயைத் திறந்து ருசிபார்த்தவர் கையில் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால், ஹாட்ஜ்சனுக்கு எத்தனை போட்டிருப்பார்? இந்த முதல் டம்ளரைக் கொடுத்திருந்தால், இன்னும் ஆறு மாசம் வைத்திருந்து கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருக்கவும் கூடும்.

மிச்சத்தை நண்பரே குடித்து முடித்தார். நான் ஃபிரிட்ஜ் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.